இரண்டரைச் சுற்று

மே 15, திங்கள்

இன்றும் ஒலி கெட்டது. செரோட்டி டூ உம்பு என்ற இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு நாளில் பதினொரு பேட்டி. அதில் ஒன்பதில் சேவு பெலர்மினோவின் குரல் புகுந்திருக்கிறது. (ஆணுக்கு 'சேவு', பெண்ணுக்கு 'டோனா', இங்கே மரியாதை அப்படி.) பழைய கார், கூரைமேல் இரண்டு ஒலிபெருக்கி. சாவு, தள்ளுபடி, தடுப்பூசி, தொலைந்த செருப்பு எல்லாம் இந்த ஊருக்கு அவர் வாய் வழியாகத்தான் தெரியவரும்.

முடிதிருத்தும் சூசா தன் அப்பாவின் மரணத்தைப் பற்றிக் கண்கலங்கிப் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் கார். "கவனிங்க, கவனிங்க! டோனா கிட்டேரியாவோட வெள்ளாட்டைக் காணோம். இடது காது மடிஞ்சிருக்கும். குணம் சரியில்லை!"

சூசா கத்தியோடு எழுந்தார். "அடப்பாவி, அது என் தோட்டத்துலதானே நிக்குது!" ஓடியே விட்டார். பாதி மழித்த முகத்தோடு நாற்காலியில் இருந்தவர் என்னைப் பார்த்து, "மீதியை நீங்க சிரைப்பீங்களா, டோனா இராசி?" என்றார். டெர்சியோ சிரித்த சிரிப்பில் காட்சி முழுக்கக் குலுங்குகிறது. கேமராவும் அவன்தான், படத்தொகுப்பும் அவன்தான். சிரிப்பதற்கென்று தனியாக ஆள் வைக்க வசதி இல்லை.

முப்பத்துநான்கு வருடம் ரெசிஃபி நகரத்தில் நாளிதழ் நிருபர். இப்போது அறுபத்தொரு வயதில் முதல் ஆவணப்படம். ஒரு சிற்றூரின் சாதாரண நாட்கள், அவ்வளவுதான் கரு. சத்தத்தைத் துரத்திவிட்டுப் படம் எடுக்கப் பார்த்திருக்கிறேன். சத்தம்தானே படம்? நாளை அந்தக் காருக்குள் உட்காருகிறோம்.

மே 16

உட்கார்ந்தோம். இருபத்திரண்டு வயதில்கூட நான் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனதில்லை. இன்று போனேன்.

மே 23

எண்ணிப் பார்த்தேன். மற்ற தெருக்களில் கார் ஒருமுறை போகிறது. யூடோசியாவின் வாசலை இன்று ஆறுமுறை கடந்தது. கடக்கிறது என்று சொல்வதும் தப்பு. நடக்கிறது.

யூடோசியா அரைத்த சோளத்தை அதன் மடலிலேயே கட்டி வேகவைத்து விற்கிறாள். வயது ஐம்பத்துநான்கு, கணவர் போய் ஒன்பது வருடம். பேட்டியின் நடுவில் கரண்டியால் தெருவைக் காட்டினாள்.

"ஊரெல்லாம் ஓடுற வண்டி, என் வாசல்ல மட்டும் ஏன் மூச்சு வாங்குதுன்னு கேளுங்க."

"கேட்கட்டுமா?"

"கேட்காதீங்க!"

சுவரோரம் இப்போதே விறகு அடுக்கியிருக்கிறாள், ஜூன் 28-க்கு. பேதுரு திருநாளின் முந்தின மாலை, துணையை இழந்தவர்கள் அவரவர் வாசலில் தீ மூட்டுவார்கள். போன வருடம் ஊரைப் பார்த்துப்போக வந்தபோது அதை எண்ணிக் குறித்து வைத்திருக்கிறேன்: பதினான்கு. அதில் ஒன்று இவள் வாசலில், ஒன்று பெலர்மினோ வாசலில்.

மே 30

காருக்குள் படப்பிடிப்பு. திடீரென்று பெலர்மினோ தன் சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றி என் மடியில் வைத்தார். ஊருக்கே ஒலிக்கிற மனிதர் கிசுகிசுத்தார்.

"இதைப் படத்துல போட்டுறாதீங்க. யோவான் திருநாள் அன்னிக்கு யூடோசியாகிட்ட கேட்டுடலாம்னு இருக்கேன்."

"என்னவென்று?"

"வெள்ளாட்டைப் பத்தியா கேட்பேன்? கல்யாணத்துக்குத்தான்!"

எனக்குக் காரைவிட்டு இறங்கிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. சூதாட்டக்காரன்போல முகத்தில் எதையும் காட்டவில்லை. டெர்சியோவிடம்கூடச் சொல்லவில்லை.

(சொன்னேன். இரவு உணவுக்கு முன்பே.)

ஜூன் 12

அந்தோனியார் திருநாளின் முந்தின மாலை. ஐந்தரைக்கு யூடோசியாவின் வாசலில் தீ. படத்துக்குக் கும்பாத்ரே சடங்கு ஒன்று வேண்டும். இருவர் தீயருகே வலது கை பிடித்து, யோவானையும் பேதுருவையும் சாட்சி சொல்லி, மூன்று சுற்று வரவேண்டும். அன்றிலிருந்து அவன் அவளுக்குக் கும்பாத்ரே, அவள் அவனுக்குக் கும்மாத்ரே. உடன்பிறந்தவர்களைப்போல, ஆயுசுக்கும். கல்யாணம் என்ற நினைப்பே கூடாது. மீறினால் செத்தபின் இரண்டு நெருப்புருண்டைகளாக வெட்டவெளியில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு திரிவார்களாம்.

யூடோசியாவோடு சுற்ற வேண்டியவள் பக்கத்து வீட்டு நாசரே. அவளுக்குக் கன்னம் வீங்கிப் பல்வலி. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கார் ஏழாவது முறையாக வந்தது.

"சேவு பெலர்மினோ, யூடோசியா கையைப் பிடிச்சுக் கொஞ்சம் சுத்தி வாங்களேன். படத்துக்குத்தான்."

கையைப் பிடிக்கலாம் என்றதற்கு அப்புறம் அவர் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. மூன்று டேக். அவள் செருப்பு கழன்றது, பால் பொங்கியது, இப்படி ஏதேதோ. அவர் முகம் இருந்த இருப்பைப் பார்க்கவேண்டும், தீயே மங்கல். இருவரிடமும் "படத்துக்குத்தானே" என்று நான் நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். எதற்கு அத்தனை தடவை?

ஜூன் 14

படத்தொகுப்பு. தீக்காட்சி பிரமாதம். பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறேன்.

ஜூன் 17, சனி

யாரையெல்லாம் எடுத்தேனோ அவர்களுக்குத்தான் முதலில் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆறரை மணிக்குத் தேவாலயச் சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி, இதுவரை தொகுத்ததைப் போட்டோம். ஊரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தது. வெள்ளாடு திரையில் வந்ததும் விசில். "குணம் சரியில்லை"க்கு நிஜ வெள்ளாடே கத்தியது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது.

பிறகு தீக்காட்சி. கை கோத்து ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. சூசாதான் முதலில் எழுந்து நின்றார். "வாழ்க கும்பாத்ரே பெலர்மினோ! வாழ்க கும்மாத்ரே யூடோசியா!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், முட்டாள். மூன்றாவது தட்டலில்தான் பெலர்மினோவின் முகத்தைப் பார்த்தேன்.

ஜூன் 18

கார் இன்று யூடோசியாவின் வாசலைக் கடந்தது. ஒரே ஒரு முறை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்.

ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்தேன். "அது படத்துக்குத்தானே, சேவு பெலர்மினோ."

"தீக்குப் படம்னு தெரியுமா, டோனா இராசி? மூணு சுத்தும் வந்துருக்காளே. வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? அதுதான் அவ பதில்."

"நீங்களும்தானே வந்தீங்க!"

"நான் எங்கே எண்ணினேன்? கையைப் புடிச்சிருந்தேன்."

தன் மனசை எனக்கு முன்கூட்டியே சொன்ன மனிதர். தெரிந்தே அவரை இழுத்துத் தீக்குப் பக்கத்தில் நிறுத்தியது யார்? நான்தான். படமாம் படம்! வெளிச்சம் போகுதாம்! போனா போகட்டும்னு விட்டிருக்கக் கூடாதா, கிழவி?

ஜூன் 19

யூடோசியா கரண்டியோடு அறைக்கே வந்துவிட்டாள்.

"யாரு மூணு சுத்து வந்தது?"

"நீங்கதான். திரையில..."

"திரை கிடக்கட்டும். நான் வரலை! எண்ணி எண்ணிக் கால் வச்சவ நான். அந்த ஆளு எண்ணலை, நீங்க எண்ணலை, அந்தக் கேமராக்காரனுக்குச் சிரிக்கவே நேரம் பத்தலை. நான் எண்ணினேன்."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

கரண்டியைப் பார்த்தாள். "கையைப் புடிக்க வேற சாக்கு என்ன இருந்துது எனக்கு?"

ஜூன் 20

விடிந்ததும் டெர்சியோவை உலுக்கி எழுப்பி, எடுத்த காட்சிகளை வெட்டாமல் போட்டுப் பார்த்தோம். நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

முதல் டேக்: ஒரு சுற்று முடிந்ததும் செருப்பு கழல்கிறது. நிறுத்திப் பார்த்தால் குதிகாலால் அவளே உதறுகிறாள்.

இரண்டாவது: இரண்டு சுற்று. "ஐயோ, பால்!" என்று கையை விட்டு ஓடுகிறாள். அடுப்பு பின்னால் தெரிகிறது. அதில் தீயே இல்லை.

மூன்றாவது: இரண்டரைச் சுற்று. அப்படியே நின்று, டெர்சியோவைப் பார்த்து, "பேட்டரி தீரலையா தம்பி?" என்கிறாள்.

நாங்கள் என்ன செய்தோம்? முதல் டேக்கில் ஒரு சுற்று, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் அழகான பாதி, மிச்சத்துக்கு வெறும் தீயும் கால்களும். ஒட்டினோம். மூன்று சுற்று! நெருப்பு செய்யாததைக் கத்தரிக்கோல் செய்துவிட்டது. டெர்சியோ தரையில் உட்கார்ந்துவிட்டான். "நாமதான் அவங்களை அண்ணன் தங்கச்சி ஆக்கினோமா?"

ஆமாம். முப்பத்துநான்கு வருடத்தில் நாளிதழில் என் பெயரில் நான்கு திருத்தம் வெளியாகியிருக்கிறது. ஐந்தாவதை எழுத இத்தனை சந்தோஷமாக ஒருபோதும் இருந்ததில்லை.

ஜூன் 21

அவ்வளவு சுலபமில்லை. சலூனில் கணக்கைச் சொன்னதும் சூசா வழக்கறிஞர் ஆகிவிட்டார்.

"ஒண்ணு, ரெண்டு, ரெண்டரை. கூட்டினா அஞ்சரை! மூணுக்கே உடன்பிறப்புன்னா, இவங்க இந்நேரம் ரெட்டைப் புள்ளைங்க!"

பெலர்மினோ சவரத்துக்குப் பாதியில் நாற்காலியில் இருந்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் சோப்பு நுரையோடு முகம் திரும்பிக்கொண்டே இருந்தது.

ஊரில் இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரே தீர்ப்பு டோனா கிட்டேரியாவுடையது. ஜெபம் சொல்லிக் கண்ணேறு கழிப்பவர், வெள்ளாட்டின் உரிமையாளர். ஆட்டைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"நடுவுல கையை விட்டாளா?"

"மூன்று தடவையும்."

"அப்போ கணக்கும் அறுந்துது. அடுத்தது ஒண்ணுலேருந்துதான். அரைச் சுத்துக்கு எந்தப் புனிதரும் கையெழுத்துப் போடமாட்டார்." பிறகு, "ஆனா உங்க வாயால சொன்னா ஊர் நம்பாது. கண்ணால பார்த்ததைக் கண்ணாலதான் அழிக்கணும்."

அறிவிப்பு வேண்டுமே. காரிடம் போனேன். பெலர்மினோ தாளை வாங்கி இரண்டுமுறை படித்தார். பிறகு ஒலிபெருக்கியில், வெள்ளாட்டு அறிவிப்புக்குக்கூட வராத நடுக்கத்தோடு: "கவனிங்க. நாளைக்கு ஆறரைக்குத் தேவாலயச் சுவர்ல ஒரு திருத்தம்."

ஜூன் 22

அதே விரிப்பு. நான் எழுந்து, "சனிக்கிழமை நான் காட்டியது நடந்தது அல்ல. நடந்தது இது," என்றேன்.

முதல் டேக். யாரோ "ஒண்ணு!" என்றார்கள். செருப்பு பறந்தது. சிரிப்பு.

இரண்டாவது டேக்கில் மொத்த ஊரும் எண்ணியது. "ஒண்ணு! ரெண்டு!" ஐயோ பால்! "அடுப்பே எரியலையேடி!" என்று வீங்கிய கன்னத்தோடு நாசரே கத்தினாள். ஊர் நாற்காலியிலிருந்து விழுந்தது. மிகையில்லை, இரண்டு பேர் விழுந்தார்கள்.

மூன்றாவது டேக். "ஒண்ணு! ரெண்டு!" அப்புறம் பாதிச் சுற்று. திரையில் யூடோசியா நின்றாள். கையை உடனே விடவில்லை. ஒரு கணம் பிடித்திருந்து, அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்து, அதற்கப்புறம்தான் விட்டாள். பத்து நாளாக என் கண்ணில் படாத ஒரு கணம்.

ஊருக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. பிறகு எழுந்த ஆரவாரத்தில் மணிக்கூண்டுப் புறாக்கள் அத்தனையும் கிளம்பின. சூசா நாற்காலிமேல் ஏறி, "என் கணக்கு தப்பு! என் கணக்கு தப்பு!" என்று கத்தினார். யூடோசியா கைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். பெலர்மினோ திரையைப் பார்க்கவேயில்லை, அந்தத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெர்சியோ இதை எடுத்தானா என்று கேட்காதே. அவன் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 23

யோவான் திருநாளின் முந்தின மாலை. சதுக்கத்தில் பெரிய தீ. இன்று மட்டும் ஒன்பது ஜோடி கும்பாத்ரே ஆனார்கள். யூடோசியாவும் பெலர்மினோவும் தீக்கு நாற்பது அடி தள்ளி, சுவரில் முதுகு ஒட்டி நின்றார்கள். தீப்பொறி பறந்தால்கூட அவள் ஒதுங்கினாள்.

ஜூன் 24

திருநாள். கேட்டாரா? தெரியவில்லை. அவர் கேட்டிருந்தால் ஊருக்கே கேட்டிருக்கும்.

ஜூன் 28, புதன்

மாலை ஆறுக்கு நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினேன். பேதுருவின் தீக்களை எண்ண.

நாசரேயின் வாசலில் தீ கூரை உயரம். "எங்கேயிருந்து இவ்வளவு விறகு?" என்றேன். "பக்கத்து வீட்டுக்காரி குடுத்துட்டா. இந்த வருஷம் தேவைப்படாதாம்," என்றாள். பல்வலி போய்விட்டது, சிரிக்க முடிகிறது.

பக்கத்து வாசலில் பெருக்கிய தரை மட்டும். கார் அங்கே நின்றது, என்ஜின் அணைத்து. உள்ளே இருந்து சோளம் வேகும் வாசனையும், ஒலிபெருக்கி இல்லாத பெலர்மினோவின் குரலும். அது இத்தனை மென்மையாகும் என்று எனக்குத் தெரியாது.

"எடுக்கட்டுமா?" என்றான் டெர்சியோ. வேண்டாம் என்றேன்.

பெலர்மினோவின் தெருவுக்கும் போய்விட்டு வந்தேன். அவர் வாசலிலும் தீ இல்லை.

போன வருடம் பதினான்கு. இந்த வருடம் பன்னிரண்டு. யாரும் சாகவில்லை, யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. இரண்டுமுறை எண்ணிச் சரிபார்த்தேன்.