பாக்குக் கடிக்கிற பல்

தை 9, வெள்ளி

காலையில் பனி. எதிர்வீட்டு ஓடு தெரியவில்லை. காய்ச்சல் விட்டது. நான்கு நாளாகக் கஞ்சி, கஷாயம், படுக்கை. வெற்றிலை தொடவில்லை.

வாய் கொப்பளித்துத் துப்பினேன். சிவப்பு. வெற்றிலைச் சாறு என்று உள்ளே வந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: திங்கட்கிழமையிலிருந்து ஏது வெற்றிலை? திரும்பிப் போய்ப் பார்த்தேன். ரத்தம்.

எத்தனை மாதமாக இப்படியோ. நாளெல்லாம் வெற்றிலை போடுகிறவன் துப்புவதில் எது சாறு, எது ரத்தம், யார் கண்டது.

சவரக் கண்ணாடியில் பார்த்தது:
கீழ்வரிசை, இடப்பக்கம். ஈறு வீங்கி ஊதா நிறம்.
கோரைப்பல்லை நாக்கால் தள்ளினால் ஆடுகிறது. அதற்கடுத்ததும் கொஞ்சம்.
மேல்வரிசை கெட்டி.
வயது நாற்பத்தாறு. கிழவனில்லை.

வியாழக்கிழமை மலைநாட்டுச் சிவப்பாவின் சரக்கு வருகிறது. நாற்பது மூட்டைக் கொட்டைப்பாக்கு. மண்டி மொஹல்லாவில், இந்த மொத்த வியாபாரத் தெருவில், பாக்கைக் கடித்துத் தரம் சொல்கிறவன் நான். இடப்பக்கம் வைத்து ஒரே கடி. உலர்ந்ததா, உள்ளே ஈரமா, சத்தத்திலேயே தெரியும். மற்ற கடைக்காரர்களும் என் கடியைக் கேட்டுத்தான் விலை பேசுவார்கள். சொந்த ஊரான அனூரிலிருந்து வெறுங்கையோடு வந்தவனை இந்த ஊர் மதித்ததே இந்தப் பல்லால்.

யாருக்கும் தெரியக் கூடாது.

தை 10, சனி

உமிக்கரி, உப்பு. ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அழுத்தித் தேய்த்தேன். யோசித்தால், கொஞ்ச காலமாகவே அப்படித்தான். அந்த இடம் வந்தால் விரல் தானாகத் தாண்டிப் போகிறது.

படிகாரத் தண்ணீர். கிராம்புத் தைலம். ஒரு பயனுமில்லை.

முறுக்கைக் காபியில் நனைத்துத் தின்றேன். சம்சாரம் நாச்சம்மாள் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, முறுக்கு அத்தனை கெட்டியாவா சுட்டுப்போட்டேன்?"

"காய்ச்சல் வாய். ருசியில்ல."

"ருசி இல்லாமத்தான் நாலு உள்ள போச்சுங்களா?"

எழுந்து போய்விட்டேன்.

தை 12, திங்கள்

மண்டி. நல்ல வெயில். கோணி தைக்கச் சணல் வாங்க வேண்டும்.

எதிர்க்கடை மாதப்பன், கொள்ளேகாலத்து ஆள், வெற்றிலைத் தட்டோடு வந்தான். எங்கள் தெருவில் பேச்சு முடிந்தால் சேர்ந்து வெற்றிலை போட்டாக வேண்டும். மறுத்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னுங்ணா, மடிக்குள்ள போகுது? சம்பந்தி வீட்டு வெத்தலையா இது?"

"காய்ச்சல் விட்டு மூணு நாளுதான் ஆச்சு."

"காய்ச்சலா, பல்லா? சொல்லிப்போடுங்க. வியாழக்கெழமை வேணா நான் கடிக்கறனுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண் மட்டும் என் வாயில்.

பல் டாக்டரிடம் போகலாமா? டாக்டர் என்றால் குறடுதான் ஞாபகம் வருகிறது.

தை 13, செவ்வாய்

போனேன். தேவராஜ மொஹல்லா, மாடியில். ஜட்கா வண்டியை முந்தின தெருவிலேயே நிறுத்தி இறங்கினேன். டாக்டர் மேலுகோட்டைப் பக்கத்து ஐயங்கார். மெல்லிய கொக்கி ஒன்றை ஈறுக்குள் விட்டார். நுனியில் மஞ்சளாகக் கல் மாதிரி ஒரு துணுக்கு வந்தது.

"இது பல்லில்லை. காரை. பல்லிலே படியற அழுக்கு எச்சில் பட்டுப் பட்டுக் கல்லாயிடறது. ஈறுக்கு அடியிலே எறங்கிப் பல்லோட பிடிப்பையே அரிச்சிண்டிருக்கு. இந்த எடத்தைத் தேய்க்கறேளோ?"

"ரத்தம் வருதுங்க. அதனால விட்டுடறது."

"பேஷ். வீட்டிலே குப்பை சேர்ற மூலையை மட்டும் பெருக்காம விடுவேளா? அழுக்கு இருக்கறதாலேதான் ரத்தமே வர்றது."

"வியாழக்கெழம பாக்குக் கடிக்கலாங்களா?"

"பேஷாக் கடியுங்கோ. ஒரு கையிலே பாக்கைப் பிடிச்சுக்கலாம், இன்னொரு கையிலே பல்லைப் பிடிச்சுக்கலாம்."

முகத்தில் சிரிப்பில்லை.

அரை மணி நேரம் சுரண்டினார். நாற்காலிக் கையைப் பிடித்த வலி இன்னும் விரலில்.

சொன்னவை, மறக்காமலிருக்க:
காலையும், ராத்திரி சாப்பிட்ட பிறகும். பல்லும் ஈறும் சேருமிடத்தில், மெதுவாக. ரத்தம் வந்தாலும் விடக் கூடாது.
உமிக்கரி வேண்டாம், அது அரம் போட்டு ராவுகிற மாதிரி. நைசாகச் சலித்த சீமைச் சுண்ணாம்புப் பொடி.
வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்.
புகையிலை, வெற்றிலை, பாக்கு: மூன்றும் நிறுத்து.
மெத்தென்ற பிரஷ்.

பிரஷ்ஷில் இருப்பது எதன் மயிர் என்று கேட்டேன். "பன்றி," என்று மேஜையைப் பார்த்துச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வேப்பங்குச்சிதான். நுனியை மென்னு பஞ்சாக்கிண்டு."

எனக்கும் குச்சி.

பல் நிற்குமா? "பத்து நாள் கழிச்சு வாங்கோ. இப்போ சொன்னா பொய்."

தை 14, புதன்

தேய்த்தேன். ரத்தம். கை நின்றது. மறுபடி தேய்த்தேன்.

நாச்சம்மாளிடம் சொல்லிவிட்டேன். குச்சியும் பொடியும் பார்த்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது. "நாளைக்கு ரோசத்துல கடிச்சுப்போடாதீங்க," என்றாள்.

தை 15, வியாழன்

சரக்கு வந்தது. ஏழெட்டுக் கடைக்காரர்கள் சுற்றி. சிவப்பா ஒரு மூட்டையைப் பிரித்து மேலாக ஒரு பாக்கை எடுத்து நீட்டினார். வாங்கினேன். உதடு வரை கொண்டுபோனேன். நாக்கு முன்னாலேயே போய்ப் பல்லைத் தொட்டுப் பார்க்கிறது.

கையை இறக்கிவிட்டேன். "பல் ஆடுது. கடிக்க மாட்டேன். பாக்குவெட்டி எடுங்க."

சிவப்பா கன்னடத்தில் கேட்டார், இன்றைக்குப் பல்லுக்கு விடுமுறையா சாவ்காரே என்று. எல்லாரும் சிரித்தார்கள். காது சுட்டது.

மாதப்பன் பாய்ந்து ஒன்றைக் கடித்தான். "கல்லாட்டம் இருக்குதுங்க!"

நான் மூட்டைக்கு மூட்டை கையை அடிவரை விட்டு எடுத்து வெட்டினேன். வெட்டின பாக்கின் முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மூட்டையில் அடிச்சரக்கு சில்லென்று ஈரம். அவை வேண்டாம் என்றேன். சிவப்பாவின் முகம் மாறியது. எனக்குள்ளும் ஒன்று இடித்தது. இத்தனை வருஷம் நானும் மேல்பாக்கைத்தான் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாதப்பன் தன் கடியை நம்பி அந்தப் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டான். கடிக்கிற ஆள் இனி அவன். போகும்போது எல்லாரும் அவன் கடை வாசலில்.

தை 19, திங்கள்

காலையில் ரத்தம் குறைவு. புகையிலை இல்லாமல் தலை கனக்கிறது. கடைக் கணக்குப்பிள்ளை மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். கோரைப்பல்லைத் தொடக் கூடாது என்று நாக்குக்கு யார் சொல்வது.

தை 23, வெள்ளி

மார்க்கெட்டில் காய் வாங்க வேண்டும் என்று நாச்சம்மாளும் ஜட்காவில் வந்தாள். டாக்டர் பல்லை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். மூச்சு விடாமல் இருந்தேன்.

"ஆட்டம் கொறைஞ்சிருக்கு. நிக்கும். தேய்க்கறதை மட்டும் விட்டுடாதேயுங்கோ."

நாற்காலியிலிருந்து எழுந்தேன். நாச்சம்மாள் என்னைக் கேட்காமல் அதில் போய் உட்கார்ந்தாள். "எனக்கும் பாத்துச் சொல்லுங்க சாமி," என்று வாயைத் திறந்தாள்.

வெகுநேரம் பார்த்தார். "எத்தனை நாளா ரத்தம் வர்றது?"

"சின்னவ பொறந்ததுல இருந்துங்க."

எங்கள் சின்ன மகளுக்குப் பதினொரு வயது.

பின்னால் மூன்று பல்லைக் காப்பாற்ற முடியாது என்றார். திங்கட்கிழமை எடுக்க வேண்டும். மற்றவை என்னைப் போலவே தேய்த்தால் நிற்கும்.

மாடிப்படியில் கேட்டேன், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று.

"உங்களுக்குத் தொழிலுக்கு வேணுமுங்க பல்லு. எனக்கு என்னத்துக்குன்னு இருந்துபோட்டேன்."

ஜட்கா மார்க்கெட்டைத் தாண்டிப் போயிற்று. காய் வாங்க நிறுத்தச் சொல்லவில்லை, இருவருமே. வீடு வரப்போகும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"திங்கக்கெழமை புடுங்கறப்ப வெளிய நின்னுக்காதீங்க. உள்ளார வந்து நில்லுங்க."