அமிர்தவர்ஷிணி பாடிய மத்தியானம்

1995 ஜனவரி 20, வெள்ளி இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து அம்மாவிடம் காட்டாதீர்கள்.

பள்ளிப் பாட்டுப் போட்டிக்காக மத்தியானம் அமிர்தவர்ஷிணி பாடிப் பழகினேன். மழையை அழைக்கும் ராகம், சும்மா பாடாதே என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. நாலு மணிக்கு மழை பிடித்தது. கடலுக்குப் போன அப்பாவின் வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை.

முற்றத்தில் காய்ந்த மீனை வாரிக்கொண்டே, அண்ணனைக் கட்டிய மைனி என்னையே பார்த்தாள்.

"எட்டி, மத்தியானம் என்ன பாட்டாக்கும் படிச்சே?"

"மாதா பாட்டு, மைனி."

"மாதா பாட்டு எனக்கும் தெரியும், மக்கா."

டீச்சரிடம் கேட்டிருப்பாளோ? இப்போது அடுக்களையில் அம்மாவிடம் ஏதோ மெதுவாகச் சொல்கிறாள். மழையை நிறுத்த ஒரு ராகம் உண்டா என்று டீச்சரிடம் கேட்காமல் விட்டேன்.

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்றால் தட்டும் முன் இருமுவார். இருமல் கேட்கவில்—