ஐந்து பருப்பு மல்லாட்டை

மாதா துணை

திண்டிவனம்
22-1-1967

அன்பு மகன் இருதயராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், அந்தச் சீமைப் பனியில் நீ சுகமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, கிளியனூர் அத்தை பொங்கலுக்கு வந்து உன் பேச்சாகவே பேசிவிட்டுப் போனாள். அணுவுக்குள்ளே இருக்கும் துகள்கள் எங்களுக்கு விளங்க வேண்டுமென்று முன்னே மல்லாட்டைக் கடலையை வைத்து எழுதியிருந்தாய், ஓட்டுக்குள் இரண்டு பருப்பு இருக்கும், இல்லாவிட்டால் மூன்று, அந்தப் பருப்புக்குக் குவார்க் என்று பேர், நீ பார்த்த புதுத் துகளில் ஐந்து இருக்கும் போலத் தெரிகிறது என்று. அந்தச் சந்தோஷத்தில் நான் கோயிலில் உன் பேரில் நன்றிப் பூசை வைத்து, தெருவுக்கெல்லாம் வெல்லமும் மல்லாட்டையும் கொடுத்துவிட்டேன். பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே அதைச் சொல்லிவிட்டார். இப்போது எழுதுகிறாய், அது ஒரே ஓட்டில் ஐந்தா, இல்லை இரண்டும் மூன்றுமாய் இரு துகள்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தனவா என்று துகளின் தடம் விழுந்த படத்தைப் பார்த்தால் நிச்சயமாகத் தெரியவில்லை, ஆராய்ச்சிக்கூடத்துப் பெரியவர் ஐந்தென்றே எழுதச் சொல்கிறார், எழுதினால் வேலை நிரந்தரம், அம்மா பூசையே வைத்த பிறகு இல்லை என்று எப்படிச் சொல்வது, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று. இதைப் படித்ததும் அப்பாவிடமும் சாமியாரிடமும் போய்ச் சொன்னேன்.

நான் மல்லாட்டை மண்டியில் காய் உரிக்கப் போன நாளில் பள்ளிக்கூடம் விட்டதும் என் பக்கத்தில் வந்து உட்காருவாய். நாலு பருப்புக் காய் கிடைத்தால் கூடையில் போடாமல் முந்தானையில் முடிந்து வீட்டுப் பிள்ளைக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். ஒருநாள் நீயே ஐந்து பருப்புக் காய் ஒன்றைக் கண்டெடுத்தாய், கூட உரித்த கெங்கம்மாள் முதற்கொண்டு எல்லாரும் அதிசயப்பட்டோம். நீ மட்டும் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாய், நடுவிலிருந்த சேறு கரைந்து இரண்டு காயாய்ப் பிரிந்தது. அழுதுகொண்டே இரண்டையும் கூடையில் போட்டாய். அந்த நாட்களை நினைத்தால் விரல் புண்ணானதுகூட எனக்கு இனிப்பாய்த்தான் இருக்கிறது.

புள்ளைய ஏன் பேஜார் பண்ணிக்கினு இருக்க, ஊர்ல கேட்டா நான் சொல்லிக்கிறேன் வுடு என்கிறார் அப்பா. சாமியாரும் சிரித்துவிட்டு, பூசை வீணாவாதும்மா, பையன் சுகத்துக்குன்னு வெச்சிக்க என்றார். அதனால் எங்களுக்காகக் கையெழுத்துப் போடாதே. ஒன்றை மட்டும் மறைக்கமாட்டேன், வேலை போனால் நீ ஊருக்கு வந்துவிடுவாய் என்று எனக்குள் ஓர் ஆசை ஓடுகிறது, உன் முகத்தைப் பார்த்து நாலு வருஷமாகிறது. ஆகையால் என் பேச்சையும் நம்பாதே, படத்தை மறுபடி நீயே பார். ஐந்தாகவே இருந்தால் ஐந்தென்று எழுதிவிட்டு அங்கேயே இரு, நான் அழமாட்டேன்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அம்மணி