இடது கையில் ஏறாத பம்ப்

புதன், இரவு, நாமக்கல்

என் வீட்டுக்காரரின் இடது கையில் தசை கரைய ஆரம்பித்துவிட்டது என்று சேலத்து நரம்பு டாக்டர் இன்று சொல்லிவிட்டார். மெல்ல உடம்பு பூராவும் பரவுமாம். நிறுத்துவதற்கு மருந்து இல்லையாம்.

இத்தனை மாதமாக இவர் பவுடரைத்தான் குறை சொன்னார். ஜிம் நடத்துகிறவர். சாயங்காலம் எடை தூக்குவதற்கு முன்னால் கஃபீன் இல்லாத பம்ப் பவுடரைக் கலக்கிக் குடிப்பார். படபடப்பு வராது, தூக்கம் கெடாது, தசை மட்டும் நன்றாகப் புடைக்கும், அதுக்குப் பேர்தான் பம்ப் என்பார். வலது கை புடைத்தது. இடது கை அப்படியே இருந்தது. "டப்பா டூப்ளிகேட்டா இருக்கும் ஜெசி" என்று வேறு கம்பெனிக்கு மாறினார். நானும் நம்பினேன்.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். புதுச்சத்திரம் தாண்டியதும், "ஜிம்முக்குப் போலாமா?" என்றார்.

"இன்னைக்கு வேண்டாமுங்க."

"ஒருக்கா மட்டும்."

போனோம். பவுடரைக் கலக்கிக் குடித்துவிட்டு வலது கையால் தூக்கினார். இருப்பதிலேயே சின்ன டம்பெல்லை இடது கையில் கொடுத்தேன். விரல் பிடிக்கவில்லை. நான் அடியில் தாங்கிக்கொண்டேன்.

பிறகு வலது பக்கச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நின்றார்.

"போட்டோ எடு. சீக்கிரம் எடுத்துரு, பம்ப் இறங்கிரும். பாப்பா பெருசானா அப்பன் எப்படி இருந்தான்னு காட்டோணும்."

போனைத் தூக்கிப் பிடித்தேன்.

"அழுவாம எடு சாமி" என்றார். "படம் ஆடிப்போயிரும்."