ரதி குடித்த டானிக்

முருகன் துணை

ஆனைக்குழித் தோட்டம்,
மேல் லயம், வட்டவளை.
1961 பங்குனி 14

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அம்மா எழுதுவது. கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உன் மாமியாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் அப்பா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், பசு கன்று போட்டிருக்கிறது. எல்லாரும் சுகம் என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் உன் தங்கை மீனம்மா என் அடுப்புப் பக்கத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள், அவளைப் பார்த்துக்கொண்டு பொய் எழுத வரவில்லை. ஏழாம் மாதத்தில் அவளுக்குப் பிள்ளை தங்காமல் போனதை அன்றைக்கு அவசரத்தில் நாலு வரி எழுதிப் போட்டேன். உடம்பு தேறும்வரை அவளை உன்னிடம் அனுப்பட்டுமா என்றும் கேட்டிருந்தேன். உன் பதில் வந்தது. இரண்டு அறைதான் இருக்கிறது, மாமியார் ஒரு மாதிரி, மாப்பிள்ளைக்குச் சரிப்பட்டு வராது, அதனால் இப்போது வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி. அதற்குக் கீழே ஒரு பக்கம் நிறைய அவள் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தினம் ஒரு முட்டை, இரண்டு வேளை பால், வாரத்துக்கு ஒரு தடவை ஈரல், கீரை, பழம், மத்தியானம் ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க வேண்டும், கிளினிக்கில் நர்ஸ் அம்மா சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஏன் மகளே, நீ பிறந்தது இந்த லயத்திலா, வேறு எங்கேயாவதா? பசு இருக்கிறது, பால் தோட்டத்துக் கண்டாக்கு ஐயா பங்களாவுக்குப் போகிறது. கோழி இருக்கிறது, முட்டை இருக்கிறது, அதை அவித்து மீனம்மா தட்டில் வைத்தால் அவளே எடுத்துப் புருஷன் தட்டில் வைத்துவிடுவாள், அப்படித்தானே உன்னையும் அவளையும் நான் வளர்த்தேன், என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். ஆம்பிளைகள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, சட்டியின் அடியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்கிறவளிடம் ஈரல் சாப்பிடு என்கிறாய். மத்தியானம் படுக்கச் சொல்கிறாய். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது இறாத்தல் குறைந்தால் அரைப்பேர்தான், அரை நாள் கூலிதான் என்பது உனக்கு மறந்துவிட்டதா? வயிற்றைத் தள்ளிக்கொண்டு மலை ஏறுகிறவள் மத்தவர்களைப் போல எப்படி எடுப்பாள்? மாசி மாதம் முழுக்க அவளுக்கு அரைப்பேர் விழுந்துகொண்டே இருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. அடுப்பு மண்ணைப் பிட்டுப் பிட்டுத் தின்றாள். கேட்டால் மசக்கை என்றாள், ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை.

நான் தெளிவாகச் சொல்லித்தானே டானிக் அனுப்பினேன், அவள் குடித்தாளா இல்லையா என்று கேட்டிருக்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ தெளிவாகத்தான் சொல்லியிருந்தாய். ஹட்டன் கடைக்கார மஃறூப் நானா கொழும்பில் சாமான் எடுத்துக்கொண்டு வந்த கையோடு அந்தப் போத்தலை என்னிடம் கொடுத்து, "இந்தாங்க தாயி, காலையில ஒரு கரண்டி ராவைக்கு ஒரு கரண்டி, வயித்துப்புள்ளக்காரிக்கு மட்டுந்தானாம், வேற ஆரும் வாய வைக்கப்படாதுன்னு ஒங்க மக சொல்லிவிட்டுச்சு" என்று ஒரு சொல் விடாமல் சொன்னார். மாப்பிள்ளை வேலை செய்யும் மருந்துக் கடையில் எடுத்தது, நல்ல சரக்கு என்றும் சொன்னார். பெரிய போத்தல், ஒரு மாதத்துக்கு வரும். நான் அப்போதே கொண்டுபோய் மீனம்மா கையில் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அக்கா அனுப்பினதா என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

இந்த வருஷம் மன்மதனை எரிக்கிற காமன் கூத்தில் ரதி வேஷம் அவள் புருஷன் ஆண்டியப்பனுக்கு விழுந்தது. அவனை மாப்பிள்ளை என்று எழுத எனக்கு மனசில்லை, பேரைத்தான் எழுதுவேன். உனக்குத் தெரியும், மன்மதனாகவும் ரதியாகவும் ஆடுகிறவர்கள் காப்புக் கட்டிக்கொண்டால் காமன் எரிகிறவரை விரதம், கவிச்சி வாயில் படக் கூடாது, தப்பு அடிக்கிற சத்தத்துக்கு ராவெல்லாம் ஆட வேண்டும். அவனும் ஆடினான், குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் ஆடினான். மீனம்மாவின் கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு, அவள் வளையலையும் போட்டுக்கொண்டு, இடுப்பை ஒடித்து நடந்து வந்தால் லயத்துப் பொம்பிளைகளே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். வீட்டில் அவனுக்குத் தனிச் சோறு, தனிப் பாய், பழம், பால். கண்டாக்கு பங்களாவுக்குப் போகிற பாலில் ஒரு சுண்டு குறைத்து ரதிக்குக் கொடுத்தார் உன் அப்பா, பெற்ற மகளுக்குக் கொடுக்க ஒரு நாளும் அந்தக் கை நீளவில்லை. டானிக் போத்தல் வந்ததும் மீனம்மாவின் மாமியார் பேச்சியம்மா அதை எடுத்து மேலே வைத்துக்கொண்டாள். நான் போய்க் கேட்டதற்கு, "மாசமா இருக்கிறவளுக்கு இதெல்லாம் ஊத்துனா புள்ள பெருத்துப்போயி வெளிய வராதுங்க சம்மந்தி, ஆடுறவன் எலும்பும் தோலுமா ஆயிட்டான், அவனுக்காச்சும் ஒடம்புல ஒட்டட்டும்" என்றாள். நான் சத்தம் போட்டேன். உன் அப்பா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், ஊர் கூடி எடுத்த காரியத்தில் பொம்பிளைச் சண்டை வேண்டாமாம். வேஷம் கட்டிப் பொம்பிளையாக ஆடுகிறவனுக்குச் சத்து வேண்டும், பொம்பிளையாகவே பிறந்தவளுக்கு வேண்டாம். இதைச் சொன்னால் எனக்கு வாய் நீளம் என்கிறார்கள். காலையில் ஒரு கரண்டியும் ராவைக்கு ஒரு கரண்டியும் மீனம்மாதான் அவள் கையால் புருஷனுக்கு ஊற்றிக் கொடுத்தாள். மாமியார் சொன்னாள், செய்தாள். ஒரு கரண்டி தானும் குடித்திருக்கக் கூடாதா என்று கேட்டேன், போத்தலில் குறைந்தால் தெரிந்துவிடும் அம்மா என்றாள்.

காமன் எரிந்த அன்றைக்கு ரதி ஒப்பாரி வைத்து அழுததைப் பார்த்துத் தோட்டமே அழுதது. மறுநாள் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போன மீனம்மா கூடையோடு விழுந்தாள். பக்கத்து நிரையில் நின்ற ராசம்மா சத்தம் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினோம். பிள்ளை அங்கேயே போய்விட்டது, ஆண் பிள்ளை. மருந்து ஐயா அவள் நகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், உடம்பில் இரத்தமே இல்லையே, இதுவரைக்கும் சத்து மருந்து ஏதாவது குடித்தாளா என்று கேட்டார். நான் ஓடிப் போய் அந்தக் காலிப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் அதில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து, இது நல்ல மருந்து, ஈரல் சாறும் இரும்புச் சத்தும் சேர்ந்தது, இவளுக்கென்றே செய்தது மாதிரி, இதைக் குடித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே என்றார். வாசலில் நின்ற ஆண்டியப்பன் காதில் அதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது. ஈரலா என்றான். ஆமாம், மாட்டு ஈரலாகத்தான் இருக்கும் என்றார் அவர், குடித்தது இவன் என்று அவருக்கு என்ன தெரியும். இவன் வெளியே ஓடிப்போய்த் தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரிக்கிறான். ஒரு மாதமாகக் குடித்ததை அப்போது கக்கப் பார்க்கிறான். உள்ளே பெண்டாட்டி கிடக்கிறாள், செத்த பிள்ளை துணியில் சுற்றிக் கிடக்கிறது, அம்மா பேச்சியம்மா மகன் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

நான் அதோடு அவனுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். வந்தது வேறு. விரதக்காரன் வாயில் மாட்டு ஈரல் பட்டுவிட்டது, விரதம் கெட்டுவிட்டது, அதனால்தான் பிள்ளை போனது, இன்னும் தோட்டத்துக்கு என்னென்ன வரப்போகிறதோ என்று லயம் லயமாகப் பேச்சு. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம் போட்டார்கள். போத்தல் அவள் பேரில் வந்தது, அவள் கையால் ஊற்றிக் கொடுத்தாள், அதனால் குற்றம் அவளுடையது என்றார்கள். நான் எழுந்து நின்று, அவ குடிக்க வந்தத புடுங்கிக் குடிச்சவன் எவன், அவனக் கேளுங்க என்றேன். கோயில் தலைவர், "பொம்பள பேசுற எடமா இது, ஒக்காரு ராக்காயி" என்றார். சந்தா கட்ட, கோயில் வரி கட்டப் பொம்பிளை வேண்டும், பேச வேண்டாம். அப்புறம் தீர்ப்புச் சொன்னார்கள். தீட்டுக் கழிகிற ஞாயிற்றுக்கிழமை மீனம்மா மஞ்சள் துணி கட்டிக் காப்புப் போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு மண்டலம் ஒரு வேளைச் சோறு, அதுவும் உப்பில்லாமல், விடிய முன்னால் கோயில் கூட்டிவிட்டு மலைக்குப் போக வேண்டும். அது முடிந்தால்தான் ஆண்டியப்பன் அவளைத் தன் வீட்டுக் காம்பராவில் சேர்ப்பானாம். நாலு அடி எடுத்து வைத்தால் சுவரைப் பிடிக்கிறவளுக்கு ஒரு மண்டலம் ஒரு வேளைச் சோறு! மருந்து ஐயாவிடம் போய்ச் சொன்னேன், இந்த நிலையில் பட்டினி போட்டால் ஆள் தங்க மாட்டாள் என்றார், கோயில் விஷயத்தில் நான் தலையிட முடியாது என்றும் சொன்னார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஊரோடதானே இருக்கணும் புள்ள என்கிறார். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேன், இந்த மனுஷனிடம் இவ்வளவு வெறுப்பு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இதையெல்லாம் விட வயிறு எரிகிற விஷயம், மீனம்மாவே சரி என்கிறாள். நான்தானே அம்மா ஊற்றிக் கொடுத்தேன், விரதம் இருந்துவிடுகிறேன், அவர் முகத்தில் முழிக்க வேண்டுமே என்கிறாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுவதா, நாலு அறை விடுவதா என்று தெரியாமல் வெளியே வந்து நின்றேன்.

இப்போது நீ இன்னும் இரண்டு போத்தல் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அனுப்பாதே. இந்த லயத்துக்குள் எந்த மருந்து வந்தாலும் அது யார் வயிற்றுக்குப் போகும் என்று உனக்கு இப்போது விளங்கியிருக்கும். நீ மனசு கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. போத்தல் அனுப்புகிறது சுலபம், மகளே. தங்கச்சிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று ராவைக்கு நிம்மதியாகப் படுக்கலாம். உன் மாமியார் முகத்தைச் சுளிப்பார், மாப்பிள்ளை நாலு நாள் பேசாமல் இருப்பார், அதெல்லாம் எனக்குத் தெரியாதா? நானும் மாமியார் வீட்டில் இருந்தவள்தான். முகத்தைச் சுளித்தால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். இவள் செத்துப்போவாள். அதனால் இந்தத் தடவை நான் உன்னிடம் அனுப்பட்டுமா என்று கேட்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கு அவளை வட்டவளை ஸ்டேஷனில் ஏற்றிவிடுகிறேன். மஃறூப் நானாவின் மனைவி றுக்கையா கொழும்பில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாள், அவள் ஹட்டனிலிருந்து அதே வண்டியில் வருவாள், அவள் பக்கத்தில் உட்காரவைப்பேன். டவுன் ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறோம் என்றுதான் மீனம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு நாளில் திரும்பிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் அப்பாவுக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் ஊர் கூடி நிற்கும்போது நான் தனியாகப் போய் நிற்பேன். வேண்டுமானால் அந்த மஞ்சள் துணியை எனக்குக் கட்டட்டும்.

அவள் வந்ததும் இதைச் சாப்பிடு அதைச் சாப்பிடு என்று சொல்லாதே, சொன்னால் சாப்பிட மாட்டாள். எல்லாருக்கும் முன்னால் அவளை உட்காரவைத்துச் சோறு போடு, நீ பக்கத்தில் இரு, தட்டில் வைத்ததை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள், கையைப் பிடித்துக்கொள். தேத்தண்ணியைக் காட்டிப் பசியை அடக்கிவிடுவாள், அதற்கும் விடாதே. பிள்ளைகளுக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கும் சம்மந்தியம்மாவுக்கும் என் வணக்கம் சொல். முருகன் உன்னைக் காப்பான், உன் கையால் உன் தங்கச்சியையும் காப்பான் என்று நம்புகிறேன்.

மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை. பெரிய வெள்ளி லீவு என்பதால் மாப்பிள்ளையும் வீட்டில்தான் இருப்பார். நீ ஸ்டேஷனுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்த வண்டி கொழும்புக் கோட்டையோடு நின்றுவிடும், அவள் இறங்கித்தான் ஆக வேண்டும். திரும்பி வர நான் டிக்கெட் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்றவள்,
ராக்காயி