வெளியே போகும் ஆமை

இன்று காலை தண்டையார்பேட்டையில் பஸ்ஸுக்காக நின்றபோது, சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர் வாளியிலிருந்து மைதாப் பசையை அள்ளிப் பூசினார். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் ஓர் அடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் உன்னால்தான் நான் நடுரோட்டில் பைத்தியக்காரி ஆகிறேன்.

செல்போனில் யார் கூப்பிட்டாலும் நமக்கே காசு பிடித்த காலம் அது. கடல் ஆமைகளைக் காப்பாற்ற ஒரு சின்ன அமைப்பில் இருவரும் வேலை பார்த்தோம். ராயபுரத்துக்காரி என்பதால் என்னை எடுத்தார்கள். மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று படித்துப் பட்டம் வாங்கியவள் என்பதால் உன்னை எடுத்தார்கள். தை, மாசியில் முட்டையிட வரும் ஆமைகள் வலையில் சிக்கி, மூச்சுமுட்டிச் செத்துக் கரை ஒதுங்கும். வலையை அறுத்து விட்டால் பிழைத்துப் போகும். இதை நோட்டீஸ் அடித்துச் சொன்னோம், மைக் கட்டிச் சொன்னோம். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் அறுக்கவில்லை.

“தெரிஞ்சதனால யாரும் மாறமாட்டாங்க டீ. பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான்னாதான் மாறுவாங்க” என்பாய். அதனால், ஆமையை விடுவிப்போம் என்று வாக்குக் கொடுத்தவர்களின் வாசலில் ஓர் ஆமைப் படம் ஒட்டுவதென்று முடிவு செய்தாய். ஊரறிய ஒட்டிக்கொண்டவன் ஊருக்குப் பயந்தாவது சொன்னதைச் செய்வான் என்பது உன் கணக்கு.

அந்த நேரம் பார்த்து எனக்கு அம்மை போட்டது. நான் வேப்பிலைக்கு நடுவில் கிடக்க, பம்பாயில் பிறந்து வளர்ந்த நீ மைதாப் பசை வாளியோடு தனியாகக் கிளம்பினாய். ஆண்கள் கடலிலும் பெண்கள் மீன் ஏலத்திலும் இருந்த வேளையில், அவர்கள் தலையாட்டியதையே வாக்காக எடுத்துக்கொண்டு, தெரு முழுக்க ஆமையை ஒட்டிவிட்டு வந்தாய். ஆமை வீட்டுக்குள் வருவது ஆகாது என்று எங்கள் பக்கம் தவழும் குழந்தைக்கும் தெரியும். இந்து வீடு, வேதக்காரக் கிறிஸ்தவ வீடு என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. உனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அன்று அந்தத் தெருவில் நடந்த அத்தனைக்கும் ஆமைதான் காரணம். ஸ்டவ் வெடித்தது ஆமையால். குழாயில் தண்ணீர் வராததும் ஆமையால், இத்தனைக்கும் முந்தின வாரமும் அது வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மீன் விற்கும் ரீட்டா அக்காவின் மகள் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து வந்தவர்கள், படத்தைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிவிட்டார்கள். நல்ல இடம். ஸ்டெல்லாவுக்கும் அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

“ஏம்மே, ஒட்றதுக்கு ஒனக்கு வேற ஜந்துவே கெடைக்கலியா? மயிலு கீது, கிளி கீது. ஆமையக் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டியே! எம்பொண்ணு கல்யாணம் பூட்ச்சே!” என்று ரீட்டா அக்கா உன்னைத் தெருவில் நிற்க வைத்துக் கேட்டாள். நீ நேரே என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று அழுதாய்.

“படத்தைக் கிழிச்சுடு” என்றேன்.

“கிழிச்சா ஆமை போயிடுச்சுன்னு நம்புவாங்களா?”

“மாட்டாங்க. வந்தது வந்ததுதான்.”

மூக்கைத் துடைத்துக்கொண்டாய். பிறகு, “அப்ப அது வெளியே போறதை அவங்க பார்க்கணும்” என்றாய்.

படத்தில் ஆமையின் தலை வலது பக்கம் பார்க்கும். நீயோ வாசலுக்கு இடது பக்கச் சுவரில் ஒட்டியிருந்தாய். அதாவது ஆமை நேராக வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே அத்தனையையும் ஈரத்துணி வைத்து உரித்துவிட்டு, புதுப் படங்களை வலது பக்கச் சுவரில் ஒட்டினாய். இப்போது ஆமை வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பியது.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் இருவரும் திருவொற்றியூருக்குப் போனோம். “ஆமை ஒட்டுன வூட்ல பொண்ணு எடுக்க நான் இன்னா லூசா?” என்றாள் பையனின் அம்மா.

“இப்ப போய்ப் பாருங்க அத்தை. அந்த வீட்டைவிட்டு ஆமை வெளியே போகுது. இனிமே அங்க கெட்டது எதுவும் பாக்கி இல்லை” என்ற நீ, பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டி, குரலைத் தாழ்த்தி, “உங்க வீட்ல?” என்று கேட்டாய்.

அந்த அம்மாள் யோசித்தாள். படகு எஞ்சின் ரிப்பேரில் கிடந்தது, வீட்டுக்காரருக்கு முட்டிவலி. “எனக்கு ரெண்டு குடு கண்ணு” என்றாள். “இத்தவிடப் பெர்சா கீதா?”

“தரேன். ஆனா வலையில மாட்டுற ஆமையையும் வெளியே விடணும். அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டா இது எப்படிப் போகும்?”

திரும்பி வரும்போது, “ஏமாத்துறோமோ?” என்று கேட்டேன். “பயத்தைப் பிடுங்க முடியாது டீ. திருப்பி வைக்கலாம், அவ்வளவுதான்” என்றாய். எனக்கு அப்போதும் சந்தேகம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

அந்த மாசியிலேயே பையன் தன் புது வலையை அறுத்து ஓர் ஆமையைக் கடலில் விட்டான். மறுநாள் எஞ்சின் ஓடியது. மெக்கானிக் வந்து போனதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவன் அம்மா மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதன்பின் படம் இல்லாத வீட்டுக்காரர்கள் நம்மைத் தேடி வந்து சண்டை போட்டார்கள். மாதா கோயிலில் ஸ்டெல்லாவுக்கும் அந்தப் பையனுக்கும் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்த ஞாயிற்றுக்கிழமை ரீட்டா அக்கா நம் இருவருக்கும் வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். மக்களிடம் விழிப்புணர்வு பெருகிவிட்டதாக நம் இயக்குநர் பூரித்துப்போனபோது, “விழிப்புணர்வு இல்ல சார், வாஸ்து” என்று மேஜைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டே சொன்னவள் நீ.

இப்போது நான் பெரிய பெரிய கூட்டங்களில் உட்காருகிறேன். மக்களை எப்படி மாற்றுவது என்று திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். எல்லாம் முடிந்ததும், “அவங்க எதுக்குப் பயப்படுறாங்கன்னு கேட்டீங்களா?” என்று கேட்பேன். உன்னிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். எல்லோரும் கையிலிருக்கும் தாள்களைப் புரட்டிப் பதிலைத் தேடுவார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நீ மேஜைக்கு அடியில் என் காலை மிதிப்பாய் என்று காத்திருக்கிறேன். யாரும் மிதிப்பதில்லை டீ. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.