ஞானபாயின் வக்கீல்

குழித்துறை
16 ஜூன் 2025

அன்புள்ள பிரபின்,

நீ நலமாக இருப்பதை டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். போன் செய்தால் உன் உதவியாளர் எடுத்து, "எம்.பி. மீட்டிங்கில் இருக்கிறார்" என்கிறார். அதனால்தான் இந்தப் பதிவுத் தபால். உன்னோடு சட்டம் படித்து, ஒரே அறையில் ஆபீஸ் நடத்தியவளுக்கு இந்தக் கதி!

மலைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று நீ மாநிலங்களவையில் பேசியதை இங்கே எல்லோரும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் போன வாரம், ஞானபாய் பாட்டி கல்குவாரிக்கு எதிராகப் போட்ட வழக்கில் உன் ஜூனியர் மறுபடியும் வாய்தா வாங்கினார். நீ எம்.பி. ஆனதிலிருந்து வாய்தாதான் நடக்கிறது. குவாரியில் வெடி மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போகவில்லை.

ஞானபாய் நேற்று ஆபீசுக்கு வந்தார். "சாரு டெல்லியில மலையப் பத்திப் பேசினத மோள் காட்டித் தந்தா. எனக்க வீட்டுக்குப் பின்னால உள்ள மல அவருக்கு ஓர்மை இருக்கா?" என்று கேட்டார்.

வழக்கில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. லா காலேஜில் பாடம் நடத்திய டாக்டர் சார் நீதான் வேண்டும் என்று அன்று அவர் பிடிவாதம் பிடித்தார். இனி நான் நடத்த வேண்டுமானால், என் வக்காலத்தில் நீ "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு.

அன்புடன்,
ஷாஹினாஸ்


புது டெல்லி
27 ஜூன் 2025

என் அன்பு ஷாஹி,

கோபம் வந்தால்தான் நீ நீயாக இருக்கிறாய். உம்மா சுகமா? தேங்காப்பட்டணத்து மீன்கறி சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று!

ஞானபாயை நான் மறப்பேனா? ஆராய்ச்சிக்காக முதன்முதலில் அந்த ஊருக்குப் போன அன்று, அவர் சமையலறையில் கட்டன்சாயா குடித்துக்கொண்டு நின்றேன். குவாரியில் வெடி வைத்தார்கள். என் கண்ணெதிரே சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. சாயாவில் மண் விழுந்தது. அப்போது நான் யாருடைய வக்கீலும் இல்லை, வெறும் வாத்தியார். அந்தச் சுவர்தான் என்னைக் கோர்ட்டுக்கும், பிறகு இங்கேயும் கொண்டுவந்தது. சுவர் பழையது, தானாகவே விரிசல் விட்டது என்று குவாரிக்காரர்கள் எழுதிக் கொடுத்திருப்பது பச்சைப் பொய்.

அதனால்தான் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாய்தாவான ஜூலை 17 அன்று நானே வந்து ஞானபாயைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறேன். நம்பு.

என்றும் உன்
பிரபின்


குழித்துறை
18 ஜூலை 2025

பிரபின்,

நேற்று நீ வந்தாய். கோர்ட்டுக்கு அல்ல, தக்கலைக்கு. குவாரி முதலாளியின் மகள் கல்யாணத்துக்கு.

ஞானபாய் பஸ் பிடித்துக் காலையிலேயே வந்து கோர்ட் வராந்தாவில் உனக்காக நின்றார். "டெல்லியில் கமிட்டிக் கூட்டம்" என்று உன் ஜூனியர் நீதிபதியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நீ அந்த முதலாளியின் தோளில் கைபோட்டுச் சிரிக்கும் படம் என் போனுக்கு வந்தது. ஞானபாய் எட்டிப் பார்த்தார். "சாரு நல்லா வண்ணம் வச்சிட்டாரு, இல்லியா?" என்றார். நீ குண்டாகிவிட்டதை மட்டும்தான் சொன்னார்.

உனக்கு வெட்கமாக இல்லையா? வழக்கை நடத்தவும் மாட்டாய், விடவும் மாட்டாய். அந்தக் கிழவி உன்னை நம்பியது ஒரு குற்றமா? ஏன் இப்படிச் செய்கிறாய் என்று எழுது. மேடைப் பேச்சு வேண்டாம்.

ஷாஹினாஸ்


புது டெல்லி
30 ஜூலை 2025

ஷாஹி,

கேட்டாய், சொல்கிறேன். அந்த முதலாளி இல்லாமல் நம் மாவட்டத்தில் கட்சி ஒரு கூட்டம் நடத்த முடியாது. அவரை எதிர்த்து நான் வாதாட முடியாது. விலகினாலோ, மலைக்காகப் பேசியவன் மலை வழக்கைக் கைவிட்டான் என்று பத்திரிகைகள் எழுதும்.

மந்திரிசபையை மாற்றப் போகிறார்கள். என் பெயரும் அடிபடுகிறது. மந்திரியானால் ஒரு மலையை அல்ல, எல்லா மலைகளையும் காப்பாற்றலாம். அதுவரை வழக்கு அப்படியே கிடக்கட்டும். நீ புத்திசாலி, புரிந்துகொள்வாய். இந்தக் கடிதம் நம் இருவருக்குள் இருக்கட்டும்.

பிரபின்


குழித்துறை
12 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய மாநிலங்களவை உறுப்பினர் டாக்டர் பிரபின் அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்து இல்லாமலே வழக்கை நடத்த அனுமதி கேட்டு மனுப் போட்டேன். நோட்டீஸ் அனுப்பியும் நீங்கள் பதில் சொல்லவில்லை. நேற்று நீதிபதி, வக்கீலை ஏன் மாற்றுகிறீர்கள் என்று ஞானபாயிடமே கேட்டார்.

"அவரு பெரிய ஆளாயிட்டாரு, ஐயா. எனக்க செவரு மட்டும் அப்படியேதான் கெடக்கு" என்றார் அவர்.

நீதிபதி அனுமதி கொடுத்துவிட்டார். வழக்கில் இப்போது உங்கள் பெயர் இல்லை. வக்கீலாக இருந்தவரை உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வழியில்லாமல் இருந்தது. இனி அந்தத் தடையும் இல்லை. சுவர் பிளந்தபோது அந்தச் சமையலறையில் நின்றவர் ஞானபாயைத் தவிர நீங்கள் ஒருவர்தான். அப்போது நீங்கள் யாருடைய வக்கீலும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; வக்கீல் தொழில் ரகசியம் என்று சொல்லி ஒதுங்கவும் முடியாது.

உங்களைச் சாட்சியாக அழைக்க மனுப் போட்டிருக்கிறேன். கோர்ட் சம்மன் அனுப்பும். எம்.பி.யாக வந்தாலும் மந்திரியாக வந்தாலும் கூண்டில் ஏறி, பார்த்ததைச் சொல்லுங்கள். சாயாவில் மண் விழுந்ததையும் சேர்த்துக் கேட்பேன்.

இப்படிக்கு,
ஷாஹினாஸ்
ஞானபாயின் வக்கீல்